தோற்ற ஆட்டத்தையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். துறைமுகத்தில் 32 வருஷம் டேலி கிளார்க் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலையில் உங்கள் பேப்பரைப் பிரித்ததும் நான் முதலில் தேடுவது செஸ் போட்டி முடிவுகளைத்தான். கோப்பையைத் தூக்கிப் பிடித்து நிற்கிற பிள்ளைகள், கீழே பள்ளியின் பெயர், எத்தனை சுற்றில் எத்தனை புள்ளி என்று நாலு வரி. பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். அந்த நாலு வரியோடு நிறுத்திவிடாமல், வாரம் ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்கி ஒரு முழு ஆட்டத்தை நகர்வு நகர்வாகத் தமிழில் அச்சிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அதையும் ஜெயித்தவர் பக்கமிருந்து போட வேண்டாம். தோற்ற பிள்ளையின் பக்கமிருந்து போடுங்கள்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் கேரம் ஊர். சாயங்காலம் ஆனால் தெருவிளக்கின் கீழ் போர்டு வந்துவிடும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டோ ஓட்டுகிறவர் மகள். கால்பந்து என்றால் வியாசர்பாடி. குத்துச்சண்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செஸ் மட்டும் யாரோ தெற்குப் பக்கத்துப் பிள்ளைகள் விளையாடுவது என்று ஒரு நினைப்பு இங்கே ரொம்ப நாளாக இருந்தது. 2022 ஜூலையில், மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டுக்காக நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்களே, அப்போதுதான் எங்கள் தெருப் பிள்ளைகள் "தாத்தா, அது என்னா கேம்?" என்று என்னிடம் வந்து கேட்டார்கள். தெருமுனைப் படிப்பகத்தில் நாலு பிளாஸ்டிக் விரிப்பு வாங்கிப் போட்டேன். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஆறு மணிக்கு. இன்றுவரை நடக்கிறது.

நான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது கப்பலில். 1984-ல் வேலைக்குச் சேர்ந்தபோது இப்போது மாதிரி எல்லாமே கன்டெய்னர் இல்லை. உரம், சர்க்கரை, சிமென்ட் என்று மூட்டை மூட்டையாக ஏறும், இறங்கும். தூறல் விழுந்தால் சரக்கு நனையாமல், கப்பலின் சரக்கறை வாயான ஹாட்ச்சை மூடிவிடுவார்கள். மழை விடும்வரை வேலை கிடையாது. அந்த நேரத்தில் ஒரு மூத்த விஞ்ச் டிரைவர், சரக்குக்கு அடியில் போடுகிற பலகை ஒன்றில் சாக்பீஸால் 64 கட்டம் போட்டார். சின்ன நட்டெல்லாம் சிப்பாய், நீள போல்ட் ராஜா. அவரிடம்தான் யானை எப்படிப் போகும், குதிரை எப்படித் தாண்டும் என்று படித்தேன். அவர் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார். "எதிராளி ஏன்டா இத நகர்த்துனான்?" அதற்குப் பதில் சொல்லாமல் என்னைக் காயைத் தொட விடமாட்டார். தொட்டால் அதை நகர்த்தித்தான் ஆக வேண்டும். அது எல்லா ஊர்ப் போட்டிகளிலும் இருக்கிற விதி என்று பிறகுதான் தெரிந்தது.

டேலி வேலை என்னவென்று இப்போது பலருக்குத் தெரியாது. ஸ்லிங் என்கிற தூக்குக் கயிற்றில் கட்டி மூட்டை மேலே வரும். ஒவ்வொரு ஸ்லிங்குக்கும் தாளில் ஒரு கோடு. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே அடிக்க வேண்டும். கப்பல்காரர் ஒரு கணக்கு வைப்பார், நாங்கள் ஒரு கணக்கு வைப்போம். ஷிஃப்ட் முடியும்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் ஒரு ராத்திரி, இரண்டு ஸ்லிங் உதைத்தது. அந்தப் பக்கத்துக் கிளார்க் ஏமாற்றுகிறான் என்று நான் சத்தம் போட்டேன். எங்கள் ஃபோர்மன் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு கட்டாகத் தொட்டுக்கொண்டே வந்தார். இரண்டு மணிக்கு டீ வந்தது. அந்த இடத்தில் என் தாளில் ஒரு கட்டில் மூன்று கோடுதான் இருந்தது, குறுக்குக்கோடு மட்டும் விழுந்திருந்தது. அடுத்த கட்டிலும் அப்படியே. டீயை வாங்கக் கை நீட்டியவன் நான்தான்.

"மொத்தத்துல தப்புன்னு எதுவும் கிடையாதுப்பா, ஏதாவது ஒரு ஸ்லிங்குலதான் தப்பு இருக்கும்" என்றார். அதை நான் மறக்கவில்லை.

செஸ்ஸிலும் இதுதான். பெரிய போட்டிகளில் நெடுநேர ஆட்டம் ஆடும்போது, இரண்டு பேரும் எல்லா நகர்வையும் தாளில் எழுதியே ஆக வேண்டும். முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு ஆடவும் கூடாது. ஆடிவிட்டு எழுத வேண்டும். நம் பிள்ளைகள் அதை ஒரு தொந்தரவாக நினைக்கிறார்கள். எனக்கோ அந்தத் தாள்தான் செஸ்ஸின் பாதி என்று தோன்றும். கேரமில் ஒரு ஷாட் தப்பினால் அது காற்றோடு போய்விடும், திரும்பப் பார்க்க முடியாது. செஸ்ஸில் ஆறு மாதம் கழித்தும் அதே நிலையைப் பலகையில் வைத்து, "இங்கே நான் என்ன நினைத்தேன்?" என்று கேட்கலாம்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். படிப்பகத்துக்கு வருகிற ஒரு பெண், 11 வயது. அப்பா காசிமேட்டில் வலை வேலை பார்க்கிறார். முதல்முறையாக ஒரு போட்டிக்குப் போனாள். மூன்றாவது சுற்றில் தோற்றுவிட்டு வெளியே வந்தவளை அவள் அம்மா, கட்டின பணம், ஆட்டோ செலவு எல்லாவற்றையும் சொல்லித் திட்டினார். நான் அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது பெரிய பணம். அந்த மண்டபத்துக்கு வெளியே அன்றைக்குத் திட்டு வாங்காத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தோற்ற பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் வாங்கிக் கொடுத்த அப்பா ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் படிப்பகத்துக்கு வந்தாள். தாளை நாலாக மடித்து வைத்திருந்தாள். 23-வது நகர்வோடு எழுத்து நின்றுவிட்டது. அந்த இடத்தில் பென்சிலை அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது.

"அங்கதான் தாத்தா போச்சு. குதிரை எஃப்3-க்கு வந்து ராஜாவுக்குச் செக் வச்சு ராணியையும் அடிச்சிட்டான். நான் பாக்கல."

"சரி, திருப்பி வைம்மா, பார்ப்போம்" என்றேன். (எஃப்3, எச்5 என்பதெல்லாம் பலகையில் கட்டங்களின் பெயர்.) கடைசியிலிருந்து ஒவ்வொரு நகர்வாகப் பின்னால் போனோம். 22-ல் என்ன ஆடியிருக்கலாம்? அங்கேயும் வழி இல்லை. 21? இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது, அப்புறம் கோபம் போய் ஆர்வம் வந்தது. அது முகத்தில் நன்றாகவே தெரியும், ஆசிரியர் அவர்களே. உதட்டைக் கடிப்பதை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்து உட்கார்வார்கள். 17-க்கு வந்ததும் அவள் கை நின்றது. எதிராளியின் மந்திரி (பிஷப்) எச்5-ல் இருந்தது. அதைத் துரத்த ஜி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியிருக்கிறாள். மந்திரியும் ஓடியது. அப்போது அவளுக்கு அது நல்ல நகர்வாகத்தான் தெரிந்திருக்கிறது.

"இந்தச் சிப்பாய் இங்கயே இருந்திருந்தா குதிரை எஃப்3-க்கு வந்தே இருக்காது தாத்தா. வந்தா சிப்பாய் வெட்டிடும்."

"இப்போ திருப்பிப் பின்னால வைக்கலாமா?"

"சிப்பாய் பின்னால வராதே."

அவ்வளவுதான் பேசினோம். அவளே பென்சிலை எடுத்து 17-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என் சொந்தக் கதை. 1998-ல் கூட வேலை பார்த்தவர் ஒருவர் சீட்டு எடுக்க நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் நாலு தவணை கட்டிவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். மீதியை நான் கட்டினேன். என் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது, ஐந்து வருஷம் கழித்துத்தான் திரும்பியது. அந்த ஐந்து வருஷமும், அதற்குப் பிறகும் ரொம்ப நாள், கேட்டவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியம்தான் சொல்லியிருக்கிறேன்: "அவன் என்னை ஏமாத்திட்டான்." உண்மைதான், ஏமாற்றினார். ஆனால் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்னால் ஒரு அடிகூட நகர முடியவில்லை. யாரைப் பார்த்தாலும் சந்தேகம். தம்பி மகன் காலேஜ் பணத்துக்கு வந்தபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

ஒருநாள் டேலி தாள் மாதிரி ஒரு தாளை எடுத்து அதை நகர்வு நகர்வாக எழுதினேன். ஒன்று, கேன்டீனில் கேட்டார், "அப்புறம் பார்க்கலாம்" என்றேன். இரண்டு, வீட்டுக்கு வந்தார், குழந்தைகளோடு, கையில் ஸ்வீட் பாக்கெட்டோடு. மூன்று, என் மனைவி உள்ளேயிருந்து கண்ணைக் காட்டினாள், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். நாலு, அவர் பிள்ளைகள் முன்னால், "பார்த்துக்கலாம், கவலைப்படாதே" என்றேன். ஐந்து, கையெழுத்து. இத்தனை வருஷமும் ஐந்தாவதைத்தான் தப்பு என்று நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால் தப்பு மூன்றாவதில் இருந்தது. வீட்டில் ஒருத்தி வேண்டாம் என்று சொன்னதை நான் கேட்கவில்லை. நாலாவதுக்கு அப்புறம் என் கையில் ஒன்றுமே இல்லை. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த மனிதர் மேல் இருந்த கோபம் குறைந்தது. தம்பி வீட்டுக்கும் போய்வந்தேன். பணம் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் கதவைச் சாத்தவேண்டியதில்லை என்று புரிந்தது. "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

செஸ் வாழ்க்கைக்கு நல்லது, மூளை வளரும், கணக்கு வரும் என்றெல்லாம் சொல்கிறார்கள். இருக்கலாம். என் அனுபவத்தில் அது கொடுத்தது இந்த ஒன்றுதான். தோற்றதைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்த ஸ்லிங் என்று தேடுகிற பழக்கம். அந்தப் பழக்கம் தோற்ற பிறகு வருகிற ஒரு மணி நேரத்தில்தான் வரும். அந்த ஒரு மணி நேரத்தை நாம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம், திட்டிப் பாதி, செல்போனைக் கொடுத்து மீதி.

செல்போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது எந்த ஆட்டத்தை ஆடி முடித்தாலும் மெஷின் உடனே சிவப்பில் காட்டிவிடும், இந்த நகர்வு பெரிய தப்பு என்று. மெஷின் சொல்வது சரியாகத்தான் இருக்கும், உலக சாம்பியனைவிட அது பலசாலி. ஆனால் ஃபோர்மன் வந்து தப்பான கட்டைத் தொட்டுக் காட்டிவிட்டால், தேடின பலன் கிளார்க்குக்கு எப்படிக் கிடைக்கும்? எங்கள் படிப்பகத்தில் முதலில் பலகை, மெஷின் கடைசியில். இன்னொன்று, வீடியோ பார்த்து நாலு நகர்வில் ராஜாவை மடக்கி மேட் வைக்கப் படித்துக்கொண்டு வருகிறார்கள். ராணியும் மந்திரியும் சேர்ந்து எஃப்7-ல் அடிப்பது. ஒரு பையன் அதை வைத்து ஒரு வாரம் தெரு முழுக்க ஜெயித்தான். எட்டாவது நாள் ஒரு சின்னப் பெண் ஜி சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் வைத்து ராணியைத் துரத்தினாள். அப்புறம் குதிரையை இறக்கி இன்னொருமுறை துரத்தினாள். அவன் ராணியைத் தூக்கிக்கொண்டு ஓடின நேரத்தில் அவள் பாதிக் காய்களை வெளியே கொண்டுவந்துவிட்டாள். (ஜி சிப்பாயைத் தள்ளினால் எப்போதும் தப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எப்போது, எதற்கு என்பதுதான் கேள்வி.)

தோல்வியை அச்சிட்டால் பிள்ளைகளுக்கு அவமானம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். குகேஷைப் பாருங்கள். மாமல்லபுரத்தில் அந்தப் பையன் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தான். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவோடு ஆடி, ஜெயிக்கிற நிலையிலிருந்து தோற்றான். தலையைக் கையில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை உலகமே பார்த்தது. தங்கத்தை உஸ்பெகிஸ்தான் எடுத்துக்கொண்டது, நம் இரண்டாம் அணிக்கு வெண்கலம். அப்போது அவனுக்கு 16 வயது. இரண்டு வருஷம் கழித்து சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியிலும் முதல் ஆட்டத்திலேயே தோல்வி, 12-வது ஆட்டத்தில் மறுபடி தோல்வி.

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. 13 ஆட்டம் முடிந்து ஆளுக்கு ஆறரைப் புள்ளி. எங்கள் படிப்பகத்தில் ஒரே செல்போனைச் சுற்றி ஒன்பது தலைகள். எதிரே ஆடிய சீன வீரர் டிங் லிரனுக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் பொறுமையாக ஆடினால் டிராதான். 55-வது நகர்வில் டிங் யானையை எஃப்2-ல் வைத்து யானைக்கு யானை வெட்டக் கொடுத்தார். குகேஷ் யானையை வெட்டி, அடுத்து மந்திரியையும் மாற்றிக்கொண்டான். மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும். கடைசியில் இரண்டு ராஜாக்களும் நடுவில் ஒரே ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நின்றன. நகரவேண்டியது டிங்கின் முறை. அப்படி நிற்கும்போது யார் நகர வேண்டியிருக்கிறதோ அவர் வழிவிட்டுத்தான் ஆக வேண்டும். 58 நகர்வு, ஏழரைக்கு ஆறரை. எஃப்2-ல் யானை வந்ததும் அது தப்பு என்று தனக்கே உடனே புரியவில்லை என்று குகேஷ் பிறகு சொன்னார். உடனே காயைத் தொடாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், அதில்தான் சாம்பியன் பட்டம் இருந்தது. "எதிராளி ஏன்டா இத நகர்த்துனான்?"

எல்லோரும் அவர் அழுததைத்தான் பேசினார்கள். எங்கள் பிள்ளைகளை நான் பார்க்கச் சொன்னது வேறு. கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவர் பலகையில் காய்களையெல்லாம் பழையபடி அதனதன் இடத்தில் அடுக்கி வைத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் எங்கள் படிப்பகத்தில் ஜெயித்தவர்தான் காய் அடுக்க வேண்டும். தோற்றவர் அந்த நேரத்தில் தாளை எடுத்துப் பார்க்கலாம்.

எங்கள் பக்கத்துக்கு ஒரு அறை வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 1961-லேயே இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர் மானுவேல் ஆரோன். அவர் 1972-ல் சென்னையில் தொடங்கிய தால் செஸ் கிளப்பில் ஆடித்தான் ஆனந்த் வளர்ந்தார், 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். வாரத்தில் சில மாலைகள் திறந்திருக்கிற ஒரு அறை, அங்கே தன்னைவிட நன்றாக ஆடுகிற ஒருவர். பிள்ளைக்கு அவ்வளவு போதும். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் மாநகராட்சி ஒரு கட்டடத்தின் மேல்மாடியைக் கொடுத்தால், நானும் என்னைப் போல ஓய்வு பெற்ற இரண்டு பேரும் சம்பளம் இல்லாமல் வந்து உட்காரத் தயார். இதையும் உங்கள் பேப்பர் எழுதினால் நன்றாக இருக்கும்.

முதல் ஆட்டத்துக்கு எங்கே போவது என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். அந்தப் பெண்ணின் தாளை நகல் எடுத்து இதோடு இணைத்திருக்கிறேன். அவள் வீட்டில் கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். பெயரைப் போடலாமா என்று அவளிடமும் கேட்டேன். "போடச் சொல்லுங்க தாத்தா. ஆனா 17-வது மூவ் தப்புன்னு நானே கண்டுபிடிச்சேன்னும் போடணும்" என்றாள். பெயர் தாளின் மேலேயே இருக்கிறது. கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறோம், எழுத்து தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டேலி கிளார்க்,
ராயபுரம், சென்னை – 13